தேன் பருந்து வந்த பாறை

போன மாதம் கண்டியில் இளம் புகைப்படக்காரர்கள் நடத்திய ஒரு கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ட்ரோனில் எடுத்த படமொன்றைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பெரிய பாறை, அதன் நெற்றியில் தொங்கும் தேன்கூடுகள், அவற்றை நோக்கி மெல்ல மெல்ல நெருங்கும் கமரா. கூட்டை மூடியிருந்த தேனீக்கள் ஒரே உடம்பாக அலையலையாய்ச் சிலிர்த்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

"கீழே யாரு இருந்தாங்க?" என்று கேட்டேன்.

படம் எடுத்தவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "கீழேயா மெடம்? கீழே தேயிலைதான்" என்றார்.

அதற்கு மேல் பேசியிருந்தால் சத்தம் போட்டிருப்பேன். தேநீர் குடிக்கும்போது, உங்கள் அனுபவம் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எழுதும்போது எனக்குக் கோபம் கொஞ்சம் அடங்கும். அதனால் எழுதுகிறேன்.

என் அப்பாவுக்குப் பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் கடை. பள்ளிக்கூடம் முடிந்ததும் கண்டி நகரத்தில் ஒரு ஸ்டூடியோவில் நெகட்டிவ் திருத்தும் வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டார். கல்யாணப் பெண்களின் முகப்பருவைப் பென்சில் முனையால் மறைப்பதுதான் வேலை. நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை, பெண்பிள்ளைக்குப் பொருத்தம் என்று வீட்டில் நிம்மதி. ஆனால் அங்கேதான் இருட்டறை வேலை படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளியின் பழைய கமராவை இரவல் வாங்கிக்கொண்டு உடவத்தகெலே காட்டுக்குப் போகத் தொடங்கினேன். முதலில் எடுத்த மீன்கொத்தி வெறும் சாம்பல் கறையாகத்தான் விழுந்தது. அந்தக் கறையை ஒரு வருடம் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கல்யாணப் பேச்சுகள் வந்தன, போயின. நான் காட்டுக்குப் போவதை விடவில்லை. பிறகு, தாவரங்களையும் பறவைகளையும் ஆராயும் ஒரு நிலையத்தில் இருட்டறை உதவியாளராக இடம் கிடைத்தது. அங்கே படப்பிரிவுக்குத் தலைவர் கனகரத்தினம் சேர்.

யாழ்ப்பாணத்துக்காரர். எந்த வெயிலிலும் வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருக்கும். வெளிச்சம் எரியும் கண்ணாடி மேசையில் எங்கள் படங்களைப் பரப்பி, உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக் குனிவார். அந்த நேரம் அறையில் யாரும் கதிரையைக்கூட நகர்த்த மாட்டோம். பிடிக்காத படத்தின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டுவார். அந்த 'டிக்' சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கும். பிடித்ததை ஒன்றும் சொல்லாமல் அலுமாரி இழுப்பறையில் போடுவார். நல்லது என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

பின்னாளில் ஒருமுறை, "இது என்ன?" என்று நான் எடுத்த ஒரு படத்தைக் காட்டிக் கேட்டார்.

"குஞ்சுக்கு இரை கொடுக்குது சேர்."

"அதை உம்மட வாய் சொல்லுது. படம் சொல்லேல்லை." டிக்.

வெளியே படமெடுத்துக்கொண்டிருந்த இளைஞர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனபோது, அந்த இடத்தை எனக்குத் தரும்படி கேட்டேன். "காடு மேடு வழிய ஒரு பொம்பிளைப்பிள்ளையைத் தனிய விட ஏலாது" என்று மறுத்துவிட்டார். நான் உடவத்தகெலேயில் எடுத்த படங்களைக் கொண்டுபோய் மேசையில் பரப்பினேன். மத்தியானம் வரை குனிந்தபடி இருந்தார். நிறைய வெட்டினார். கடைசியில் சில படங்கள் இழுப்பறைக்குள் போயின. அடுத்த வாரம் என்னைக் களத்துக்கு அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் புறப்படும் முன் அவர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். காற்று எந்தப் பக்கம்? வெளிச்சம் எப்போது முகத்தில் விழும்? ஏதாவது நடந்தால் எந்த வழியாக வெளியே வருவீர்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் பயணம் ரத்து.

யுத்த காலத்தில் ஹந்தானை மலையில் ஒரு தவளைவாயன் குருவி கூடு கட்டியிருந்தது. பகலெல்லாம் கொப்பில் அசையாமல் நிமிர்ந்து இருக்கும். மரப்பட்டையின் நிறம். பக்கத்தில் போய் நின்றாலும் முறிந்த கொப்பு என்றுதான் நினைப்போம். நீளமான லென்சோடு புதருக்குள் படுத்திருந்த என்னை, ரோந்து வந்த ஒரு பொலிஸ் குழு பிடித்தது. மேலே மலையுச்சியில் ஒலிபரப்புக் கோபுரம். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். கையில் துப்பாக்கிக் குழாய் போல லென்ஸ். அவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் கமராவைத் திறந்து ஃபிலிமை வெளிச்சத்தில் இழுத்துப்போடப் போனார். அந்த நேரம் செய்தி கேட்டுச் சேர் வந்து சேர்ந்தார். கெஞ்சவில்லை. "இழுத்தால் இதில் என்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கழுவிப் பார்ப்போம். உங்கள் ஆள் பக்கத்திலேயே நிற்கட்டும்" என்று நிதானமான சிங்களத்தில் சொன்னார்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தோம். இன்ஸ்பெக்டர் வெளியே நின்றார். துப்பாக்கியோடு ஒரு கான்ஸ்டபிள் இருட்டறைக்குள் வந்தார். சேரும் உள்ளே வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டார். ஃபிலிமைச் சுருளில் ஏற்றும்போது சிவப்பு விளக்குக்கூட எரியக் கூடாது. முழு இருட்டு. விளக்கை அணைத்ததும் கான்ஸ்டபிளின் மூச்சு வேகமாவது கேட்டது. துப்பாக்கியின் வார் உரசும் சத்தமும் கேட்டது. ஃபிலிம் சுருளில் ஏறாமல் வழுகியது. அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் மருந்து படாமல் படம் கெட்டுப்போகும். வேண்டுமென்றே அழித்தேன் என்பார்கள்.

சேர் சிங்களத்தில் பேசத் தொடங்கினார். வானொலியில் செய்தி வாசிப்பது போன்ற குரல். "இப்போது கேட்டது டப்பாவின் மூடி. இப்போது ஃபிலிமின் முனையை வெட்டுகிறாள், அது கத்தரிக்கோல். இனி ஒரு உரசல் சத்தம் வரும், அது ஃபிலிம் சுருளில் ஏறுவது." ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்கூட்டியே பெயர் சொன்னார். கான்ஸ்டபிளின் மூச்சு தணிந்தது. அவர் சொல்லச் சொல்ல என் விரல்களும் அந்த வேலையை நினைவுக்குக் கொண்டுவந்தன.

கழுவிய ஃபிலிமை இன்ஸ்பெக்டர் ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் இறுகியது. "எல்லாவற்றிலும் ஒரே முறிந்த கொப்பு. ஒரு கொப்பை எதற்கு இத்தனை தடவை எடுத்தாய்? பின்னால் கோபுரம் தெரிகிறது."

"அது குருவி, சேர்" என்றேன் இன்ஸ்பெக்டரிடம்.

"எங்கே குருவி?"

நெகட்டிவில் காட்ட முடியாது. பெரிதாக்கிக் காட்டுகிறேன் என்றேன். சிவப்பு விளக்கின் கீழ், மருந்துத் தட்டில் வெள்ளைத் தாளை அமிழ்த்தினேன். இன்ஸ்பெக்டர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கோபுரத்தின் நிழல் வந்தது. பிறகு மரம், கொப்பு, கொப்பின் வெடிப்புகள். அப்புறம் அந்த வெடிப்புகளில் ஒன்று மெல்லத் திறந்துகொண்டது போல ஒரு கண் வந்தது. வட்டமான, நேரே பார்க்கும் கண்.

இன்ஸ்பெக்டர் "அம்மோ!" என்று ஓரடி பின்னால் போனார். பிறகு திரும்பக் குனிந்தார். மருந்தில் ஆடிக்கொண்டிருந்த அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். "இவ்வளவு நேரமும் இது என்னைப் பார்த்துக்கொண்டா இருந்தது?" என்று கேட்டார். கோபுரம் தெரிந்த நெகட்டிவ்களை வெட்டி எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டார்.

அவர்கள் போனதும் நான் கதிரையில் உட்கார்ந்து அழுதேன். சேர் மிச்ச ஃபிலிமை மேசையில் போட்டுக் குனிந்தார். டிக், டிக், டிக். ஒன்று மட்டும் இழுப்பறைக்குப் போனது. "பின்னால என்ன நிக்குது எண்டு பாராமல் எடுத்திருக்கிறீர். பொலிஸ்காரரைக் குறை சொல்ல ஏலாது" என்றார். அப்புறம் தானே போய் எனக்கு ஒரு தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

இனிச் சொல்லப்போவதுதான், அந்தக் கூட்டத்தில் என் கை வியர்த்ததற்குக் காரணம்.

நிலையம் மலைநாட்டுப் பறவைகள் பற்றி ஒரு படப் புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தது. எல்லாப் படங்களும் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. தேன் பருந்து மலைத்தேனீயின் கூட்டை அடிக்கும் காட்சி. அந்தத் தேனீயைத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் குளவி என்றுதான் சொல்வார்கள். சிங்களத்தில் பம்பரா. சுளகு அளவுக்குக் கறுத்துத் தொங்கும் கூடு. அதைக் கலைத்தால் கண்ணில் பட்டதையெல்லாம் துரத்திக் கொட்டும். தேயிலை மலைகளில் அதற்கு உயிரைக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். தேன் பருந்துக்கு மட்டும் அந்தக் கூட்டுக்குள் இருக்கும் புழுதான் உணவு. பாய்ந்து அடித்துப் பிய்த்துக்கொண்டு போகும். இரண்டு பருவம் முயன்றும் எனக்கு அந்தப் படம் கிடைக்கவில்லை.

"வாற கிழமை கொழும்பிலயிருந்து வேற ஆள் வருவார். மேலிடத்து முடிவு" என்றார் சேர். "அதுக்கு முந்தி எடுத்தா உம்மட படம்."

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூடுகள் வந்திருந்தன. ஒரு பெரிய பாறை முன்னால் சரிந்து நிற்கும். அதன் அடிவயிற்றில் கூடுகள். பாறைக்குக் கீழே தேயிலை. தேயிலைக்கு அப்பால் ஒரு ஓடை. ஓடைக்கு இக்கரையில் மானாப்புல் மண்டிய சரிவு. அந்தச் சரிவில்தான் என் மறைப்புக் கூடாரம். நான் படமெடுத்து முடியும் வரை பாறைக்குக் கீழே கொழுந்தெடுக்க ஆள் அனுப்புவதில்லை என்று தோட்டத்துத் துரை ஒப்புக்கொண்டார்.

மறைப்புக் கூடாரத்தை ஒரே நாளில் கொண்டுபோய் நட முடியாது. முதலில் தூரத்தில் நான்கு கம்புகள் மட்டும். பருந்து அதற்குப் பழகியதும் துணி. பிறகு நாளுக்குக் கொஞ்சமாக முன்னால் நகர்த்த வேண்டும். மல்லிகைப்பூ, தலைக்கு எண்ணெய், வாசனைச் சவர்க்காரம் எல்லாம் விலக்கு. தேனீக்குக் கறுப்பு ஆகாது, அதனால் வெளிறிய சேலை, தலையில் வெள்ளைத் துண்டு. கமராவின் சத்தம் வெளியே போகாமல் அதற்கும் பழைய துணி சுற்றிவிடுவேன். உள்ளே போகும்போது இரண்டு பேராகப் போக வேண்டும், ஒருவர் திரும்பிவிட வேண்டும். பருந்துக்கு எண்ணத் தெரியாது. வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று நம்பிவிடும்.

என்னோடு வந்து திரும்பிப் போகும் ஆள் பாக்கியக்கா. கொழுந்தெடுக்கும் பெண்களில் மூத்தவர். வாய் கொஞ்சம் நீளம்.

"என்னா மிஸ்ஸு, சோப்பு போட்டுக் குளிக்காம, தலைக்கு எண்ணெயும் வைக்காம வந்து ஒக்காந்துருக்கீங்க. வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லிச் சொல்லி விட்டுட்டாங்க அக்கா."

"அதான் நல்லது. நமக்கு வசதி" என்று சிரித்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போவார்.

அன்றைக்கும் அப்படித்தான் விடியற்காலையில் என்னை விட்டுவிட்டுப் போனார். பனிமூட்டம் பாறையை மறைத்திருந்தது. அது விலகியபோது, பாறைக்கு மேலே பட்ட மரத்தில் தேன் பருந்து உட்கார்ந்திருந்தது. இன்னொன்று உயரத்தில் வட்டமிட்டது. வெளிச்சம் சரியான கோணத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் குவியத்தைப் பெரிய கூட்டின் விளிம்பில் நிறுத்தி, விரலை விசையில் வைத்தேன். கூட்டின் மேல் முதல் அலை சிலிர்த்தது. தேனீக்கள் பருந்தைப் பார்த்துவிட்டன. பருந்து கழுத்தை முன்னால் நீட்டியது. இரண்டு பருவமாக நான் காத்திருந்தது அந்த நீட்டலுக்குத்தான்.

அப்போது பேச்சுச் சத்தம் கேட்டது.

பக்கத்துத் துளையால் பார்த்தேன். பாறையைச் சுற்றி வரும் பாதையில் கூடைகள். ஒன்றன் பின் ஒன்றாகப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், பனிக்குத் தலையில் கம்பளி போட்டபடி. முன்னால் பாக்கியக்கா. நேரே பாறைக்குக் கீழே உள்ள நிரைகளுக்கு.

துணியை விலக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். "பாக்கியக்கா! திரும்பிப் போங்க! மேலே பருந்து! திரும்பிப் போங்க!"

ஓடை இரைந்துகொண்டிருந்தது. பாக்கியக்கா நின்றார். என்னைக் கண்டுகொண்டு கையை உயர்த்தினார். மற்றவர்களிடம் ஏதோ சொன்னார். பிறகு எல்லோரும் என் பக்கமாக, நடு நிரைக்கு இறங்கி வரத் தொடங்கினார்கள். நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். இரண்டு கைகளையும் ஆட்டினேன். அவர்களும் கையை ஆட்டினார்கள்.

பருந்து சிறகை மடித்து விழுந்தது.

அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கூட்டின் ஒரு துண்டு பிய்ந்து தேயிலைக்குள் விழுவதுதான் தெரிந்தது. பருந்து மேலே போய்விட்டது. பாறையின் அடிவயிற்றிலிருந்து கறுப்புப் புகை போல ஒன்று கழன்று கீழே இறங்கியது. அதற்குப் பிறகு அந்த இரைச்சல்.

கூடாரத் துணியைக் கம்புகளிலிருந்து இழுத்தேன். மூன்று முடிச்சுகள் அவிழ்ந்தன. நாலாவது இறுகிக்கொண்டது. கிழித்துக்கொண்டு ஓடினேன். ஓடைக்குள் விழுந்து எழுந்தபோது, பெண்கள் சிதறுவதைக் கண்டேன். சிலர் கூடையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கீழே ஓடினார்கள். சிலர் நின்ற இடத்திலேயே கையை வீசி அடித்தார்கள். வீசினால் இன்னும் வரும்.

"படுங்கடி! கம்பளிய மூடிக்கிட்டுப் படுங்கடி!" பாக்கியக்காவின் குரல் அந்த இரைச்சலுக்கு மேலாகக் கேட்டது. செல்வி என்ற சின்னப் பெண், கூடைக் கயிறு தலையில் மாட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். பாக்கியக்கா ஓடிப்போய்க் கயிற்றை அறுத்து, அவளைத் தேயிலைக்குக் கீழே தள்ளி, தன் கம்பளியை எடுத்து அவள் மேல் போட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது என் கழுத்தும் கைகளும் எரிந்துகொண்டிருந்தன. துணியை விரித்துச் செல்வியையும் பக்கத்தில் கிடந்த இருவரையும் மூடினேன். பாக்கியக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவர் முகம் முழுக்கத் தேனீ. துணியின் விளிம்புகளை முழங்காலாலும் முழங்கையாலும் மண்ணோடு அழுத்திக்கொண்டு கிடந்தோம். வெளியே தகரத்தில் மழை பெய்வது போலத் துணியில் வந்து மோதின. உள்ளே பழுத்த வாழைப்பழ வாசனை. தேனீ கொட்டினால் வரும் வாசனை அது, மற்றத் தேனீக்களையும் கூப்பிடும். பாக்கியக்காவின் தலைமுடிக்குள் மாட்டியிருந்தவற்றை விரலால் நசுக்கி நசுக்கி எடுத்தேன். செல்வி வாந்தி எடுத்தாள். பிறகு பேச்சில்லை.

"செல்வி! ஏய், செல்வி! தூங்காதடி!" பாக்கியக்கா அவள் கன்னத்தில் அடித்துக்கொண்டேயிருந்தார். தன் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆண்கள் மானாப்புல்லைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டு வந்து எங்களைத் தூக்கினார்கள். தோட்டத்து லொறியில் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். செல்வி பிழைப்பாளா என்று மறுநாள் வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. பிழைத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வீடு திரும்பினார்கள். பாக்கியக்காவின் இடது கண்ணின் கருவிழியில் கொடுக்கு இறங்கியிருந்தது. டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தார்கள். அந்தக் கண் திரும்பவில்லை.

கமராவை யாரோ எடுத்துவந்து கொடுத்தார்கள். அன்றைய ஃபிலிமில் ஒரு படமும் இல்லை.

முகத்தில் வீக்கம் வற்றுவதற்குள் தோட்டத்து ஒபீசில் விசாரணை வைத்தார்கள். துரை மேசைக்குப் பின்னால். சம்பவத்தன்று அவர் கொழும்பில் இருந்திருக்கிறார். சேருக்கும் எனக்கும் கதிரை போட்டிருந்தார்கள். அந்த மலைக்குப் பொறுப்பான கணக்கப்பிள்ளை நின்றுகொண்டே சொன்னார்: "இந்தம்மா வெளிய வந்து துணிய ஆட்டுனாங்க. பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க. கூப்பிட்டதாலதான் பொம்பளைங்க நடு மலைக்கு எறங்குனாங்க. குளவி அந்தத் துணிக்குத்தான் கலைஞ்சிருக்கு."

துரை என்னைப் பார்த்தார். "நீங்கள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்களா?"

"பெயர் சொன்னேன்" என்றேன். பொய் சொல்ல முடியவில்லை. அதற்கு மேல் விளக்கம் சொல்ல நாக்கு எழவில்லை. ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் நான் கேட்டுக்கொண்டிருந்ததும் அதே கேள்விதான். நான் கத்தாமலிருந்தால் அவர்கள் பாதையிலேயே நின்றிருப்பார்களோ? இந்தக் குற்றம் என் மேல் நிலைத்தால் என் வேலை போகும். அதைவிட, இனி எந்தத் தோட்டமும் எங்கள் நிலையத்து ஆட்களை உள்ளே விடாது.

சேர் கண்ணாடியைக் கழற்றி, கைலேஞ்சியால் துடைத்தார். "நான் ஒண்டு கேக்கலாமோ?"

துரை தலையசைத்தார்.

"அந்த மலையில அண்டைக்குக் கொழுந்தெடுக்கச் சொன்னது ஆர்?"

"கொழுந்து முத்திப் போச்சுங்க. அப்படியே விட்டா..." என்று கணக்கப்பிள்ளை தொடங்கினார்.

"நான் அதைக் கேக்கேல்லை. சொன்னது ஆர்?"

"ஒரு வாரமா அந்தப் பக்கம் ஆள் போகலீங்க, துரைக்கும் தெரியும்..."

"சொன்னது ஆர்?" குரல் உயரவில்லை, மாறவும் இல்லை. மேசைமேல் படத்தை வைத்துக்கொண்டு 'இது என்ன' என்று கேட்கும் அதே குரல்.

வெளியே வராந்தாவில் நின்ற பெண்களுக்குள் ஒரு சலசலப்பு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு செல்வி வந்து நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், கால் இன்னும் தள்ளாடியது.

"இவருதாங்க சொன்னாரு. குளவிக் கூடு இருக்கு, போக மாட்டோம்னு பாக்கியக்கா சொன்னாங்க. போகாட்டி பேர் போட மாட்டேன்னாரு." மூச்சு வாங்கினாள். "மிஸ்ஸு கூப்பிடலீங்க. திரும்பிப் போகச் சொல்லித்தான் கத்தியிருக்காங்க. ஓடை எரைச்சல்ல எங்களுக்குப் பேரு மட்டுந்தான் கேட்டுச்சு. அவங்க துணி இல்லாட்டி நான் இங்க வந்து நின்னு பேச மாட்டேன்."

கணக்கப்பிள்ளை அவளை முறைத்தார். பேர் போடாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அந்த அதிகாரம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண் வந்து நின்றாள். பிறகு இன்னொருத்தி. கதவு நிறைந்துபோனது. "கூடு இருக்கிற வரைக்கும் அந்த மலைக்கு நாங்க போகலீங்க" என்றாள் ஒருத்தி. துரை பேனாவை மேசையில் வைத்தார்.

கணக்கப்பிள்ளையை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். ஆனால் தேன்கூடு தொங்கும் காலத்தில் பாறைக்குக் கீழே ஆள் அனுப்புவதில்லை என்பது அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் வழக்கமானது.

திரும்பி வரும்போது ஜீப்பில் சேர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுந்தூரம் வந்த பிறகு, "வெளியில வாற வழி என்ன எண்டு உம்மட்டை ஒவ்வொரு முறையும் கேட்டனான்" என்றார். "கீழ நிக்கிற சனத்துக்கு வழி என்ன எண்டு ஒருநாளும் கேக்கேல்லை." கொழும்புக்காரரை வரவேண்டாம் என்று அவர் எழுதிவிட்டதும், புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லாமலே போகட்டும் என்று மேலிடத்தோடு சண்டை பிடித்ததும் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. சண்டை நீண்டதில் புத்தகம் அச்சுக்குப் போவதும் தள்ளிப்போனது.

அதன் பிறகு நான் களத்துக்குப் போகவில்லை. உள்ளேயே இருந்து காய்ந்த இலைகளையும் விதைகளையும் படமெடுத்தேன். ஈ பறந்தாலும் உடம்பு தூக்கிப்போடும்.

அடுத்த பருவத்தில் ஒருநாள் நிலையத்து வாசலில் செல்வி வந்து நின்றாள். கண்டிக்குச் சாமான் வாங்க வந்தவள். "பாக்கியக்கா சொல்லி அனுப்புனாங்க மிஸ்ஸு. கூடு வந்துருச்சாம். பருந்தும் வந்துருச்சாம். வரச் சொன்னாங்க."

"நான் வரலைன்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா, நானே நேர்ல வருவேன்னு சொல்லச் சொன்னாங்க."

போனேன். பாறைக்குக் கீழே ஒரு ஆளும் இல்லை. மேல்பாதையிலும் கீழ்ப்பாதையிலும் யாரும் வராதபடி பெண்களே கொடி கட்டிக் காவல் நின்றார்கள். விடியற்காலையில் பாக்கியக்கா என்னோடு கூடாரம் வரை வந்தார். ஆனால் திரும்பிப் போகவில்லை. உள்ளே நுழைந்து, கம்பளியை விரித்து, என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போனாத்தான் அது வரும் அக்கா."

"வரட்டும், வராட்டிப் போகட்டும். ஒங்கள இங்க தனியா விட்டுட்டுப் போக மாட்டேன்."

உட்கார்ந்திருந்தோம். அவருடைய இடது கண் வெள்ளையாக மூடிக் கிடந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமலிருக்க முயன்றேன். அவருக்கு அது தெரிந்தது. "வலி இல்ல மிஸ்ஸு. நிரையில நடக்கத்தான் கொஞ்சம் தடுமாறுது" என்றார். என் தொடை தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் தன் கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

வெயில் ஏறியபோது பருந்து வந்தது. கூட்டின் மேல் அலை சிலிர்த்தது. விழித் துளையில் கண்ணை வைத்ததும் பாறைக்குக் கீழே வெறும் தேயிலை தெரிந்தது. பச்சை நிரைகள், ஒரு கூடைகூட இல்லை. பருந்து கழுத்தை நீட்டியது, விழுந்தது. விசையை அழுத்தினேன், சுருட்டினேன், அழுத்தினேன். கறுப்புப் புகை இறங்கி, துரத்த ஆளில்லாமல் நெடுநேரம் சுழன்று, திரும்பக் கூட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

பருந்து கூட்டுத் துண்டோடு பட்ட மரத்தில் போய் உட்கார்ந்து சாவகாசமாகப் புழுவைப் பொறுக்கத் தொடங்கியது.

"நான் பாக்கலாமா?" என்று பாக்கியக்கா மெதுவாகக் கேட்டார்.

நகர்ந்து இடம் கொடுத்தேன். கமராவில் முதல்முறை பார்க்க வருகிறவர்களிடம், ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்வது என் வழக்கம். அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் வலது கண்ணைத் துளையில் வைத்து, அசையாமல் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"பச்சப்புள்ள மூஞ்சி மாதிரியில்ல இருக்கு" என்றார் கடைசியில். "இதப் போயி ஒரு வருஷமா சாபம் விட்டுக்கிட்டுக் கெடந்தேன்."

அவர் சட்டென்று தலையை எடுத்து, என் தோளைப் பிடித்துக் கமராவின் பக்கம் தள்ளினார்.

"நம்ம பக்கம் திரும்பிருச்சு மிஸ்ஸு. எடுங்க, எடுங்க!"

எடுத்தேன்.